இது மரண ரயில் படம் இல்லை

பழைய புகைப்படம் ஒன்றில் தண்டவாளமும் சட்டையில்லாத தமிழ் ஆட்களும் தெரிந்தால் போதும், நம்மில் பலருக்கு யோசனையே வருவதில்லை. கீழே 'சயாம் மரண ரயில்' என்று எழுதிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வதைத்து, சயாம் என்கிற இன்றைய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை அது. பர்மாவில் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உறுத்தல்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். அந்தப் பாதையில் செத்தவர்களைப் பற்றிய பேச்சில் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை போடுவதே பாவம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவேன். கடைசியில் எங்கள் குடும்பத்துப் படத்துக்கே குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மலேசியாவில் இருக்கும் என் சித்தப்பா மகள், மரண ரயில் தமிழர்களைப் பற்றிய ஒரு சிறு கண்காட்சிக்குப் படங்கள் சேகரித்துக்கொண்டிருந்தாள். பர்மாவில், எங்கள் ஊரான மௌல்மீனில், பெரியப்பா வீட்டுக் கூடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அஞ்சலட்டை அளவுப் படம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "அண்ணே, அதை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. இடம், வருஷம் ரெண்டையும் தமிழ்ல எழுதிக் குடுங்க, போதும்" என்றாள். நானும் உடனே சரி என்றேன். உட்கார்ந்து எழுதப் போனால் இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பெரியப்பாவைக் கேட்டால் 'தன்பியூசயாட் பக்கம்' என்கிறார். மரண ரயில் பாதை பர்மாவில் வந்து முடிந்த ஊர் அது. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

படத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவில் கோட்டும் தலைப்பாகையும் வேட்டியுமாக ஒருவர். அவர்தான் 'மேட்', அதாவது ஆட்களின் தலைவர், ஆக இருக்க வேண்டும். மற்றவர்கள் பெரும்பாலும் வெற்று மார்பு. பாதையின் மேல் ஒரு தள்ளு டிராலி, அதில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். டிராலியின் மேல் கடப்பாரைகளும் மண்வெட்டிகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக, உருண்டையாக ஏதோ உடைந்து கிடக்கிறது. சின்ன வயதில் எங்களுக்கு அது மண்டையோடு என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரியில் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போக நாங்கள் பயப்படுவோம். பின்னால், பாதை போய் மறையும் திசையில் செங்குத்தான ஒரு பாறைக் குன்று. அதன் உச்சியில் சின்னதாக ஒரு கோபுரம்.

ஜல்லியும் கட்டையும்

முதலில் நான் முகங்களைப் பார்ப்பதை நிறுத்தினேன். முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான் அதில் தெரியும். தரையைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஜல்லி. உடைத்த கருங்கல் ஜல்லி, சிலிப்பர் கட்டைகளின் மேல்மட்டம் வரை நிரவி, ஓரத்தில் ஒரே சரிவாகக் கட்டியிருக்கிறது. கட்டைகள் ஒரே அளவில் அறுத்தவை, ஒரே இடைவெளியில் கிடக்கின்றன. பர்மா ரயில்வே பெரும்பாலும் பயன்படுத்தியது பியின்கடோ மரம். இரும்பு மாதிரி கனக்கும், கரையான் எளிதில் அண்டாது, பல வருடம் உழைக்கும். படத்துக் கட்டைகளில் வெயிலும் மழையும் பட்டுப் பழகிய வெடிப்புகள்கூடத் தெரிகின்றன.

மரண ரயில் பாதையின் கதை அப்படியில்லை. 415 கிலோமீட்டரை ஒரே வருடத்துச் சொச்ச காலத்தில் முடித்தார்கள். 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சந்தித்தன. கைக்குக் கிடைத்த காட்டு மரத்தை அப்போதே வெட்டி, பச்சையாகவே போட்டார்கள். தண்டவாளமும் புதிதில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் ஓடிக்கொண்டிருந்த பாதைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ரங்கூனிலிருந்து வடக்கே போன இரட்டைப் பாதையில் ஒன்று காணாமல் போனது அப்படித்தான். ஜல்லியை இப்படி ஓரம் கட்டி, சரிவு பார்த்து வைப்பதற்கு அங்கே நேரமும் இல்லை, அப்படி வைக்கச் சொல்வாரும் இல்லை. படத்தில் இருப்பது கேங் ஆட்கள், அதாவது பாதையைப் பராமரிக்கும் ரயில்வே தொழிலாளர்கள், வருடக்கணக்காகத் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்த கட்டைக்கு அடியில் பீட்டர் என்ற கருவியால் ஜல்லி இடித்து, நிமிர்த்தி வைத்த பாதை. பார்த்த உடனே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் 'இது இல்லை' என்பது மட்டும் ஒரு குறிப்பாகாதே! அப்படியானால் எது?

குன்றை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் எளிதில் வசப்படவில்லை. மோன், கரேன் மாநிலங்களில் வயல்வெளி நடுவே திடீரென்று எழும் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் குறைச்சலே இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் உச்சியில் ஒரு பகோடா இருக்கும். பாஆன் பக்கத்துக் குன்றுகளைத் தள்ளிவிடலாம், அந்தக் காலத்தில் அங்கே ரயிலே கிடையாது. மிச்சம் இருப்பவை பெகுவிலிருந்து மர்த்தபான் வரை 1907-இல் முடிந்த பாதையும், சல்வீன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மௌல்மீனிலிருந்து யே வரை 1925-இல் திறந்த பாதையும். அப்புறம், சயாம் எல்லையில் மூன்று பகோடா கணவாயை நோக்கிப் போன அந்த மரண ரயில் பாதை. அதன் ஓரத்திலும் இதே மாதிரிக் குன்றுகள் உண்டு. ஜல்லி எவ்வளவு சொன்னாலும், குன்றைக் காட்டி யாராவது வாதாட இடம் இருந்தது. பெரியப்பா அதைத்தான் செய்தார்.

இந்த இடத்தில் யே பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களே யோசிக்காத விஷயம் இது. சல்வீன் ஆற்றின் மேல் ரயில் போகப் பாலம் வந்தது 2008-இல்தான். அதுவரை ரங்கூனிலிருந்து வருபவர்கள் மர்த்தபானில் இறங்கி, படகில் ஏறித்தான் மௌல்மீனுக்கு வர வேண்டும். அதனால் யே பாதை ஒரு தனித் தீவு. இஞ்சின், தண்டவாளம், ஆட்கள் எல்லாம் தண்ணீர் வழியாக வந்தவை. அந்தத் தீவு முதன்முதலாக இன்னொரு ரயில் பாதையோடு இணைந்தது 1943-இல், தன்பியூசயாட்டில், சயாமிலிருந்து வந்த பாதையோடு. ரங்கூனோடு சேர்வதற்கு அறுபது வருடத்துக்கும் மேல் முன்னாலேயே எங்கள் ஊர்ப் பாதை பாங்காக்கோடு சேர்ந்துவிட்டது. அந்தச் சில வருடங்கள்தான் உலகம் தன்பியூசயாட் என்ற பெயரைத் தெரிந்துகொண்ட வருடங்கள். அதற்கு முன்னால் பதினேழு வருடம் அதே பாதையில் ரப்பரும் நெல்லும் ஜனங்களும் போய்வந்ததை யாரும் தேடிப் படிப்பதில்லை.

நிழல்

நிழலைக் கொண்டு திசை பிடிக்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினாறரைப் பாகையில் இருக்கிறது. மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் எல்லாம் தலைகீழ். அந்த மூன்று மாதமும் இங்கே அடைமழைக் காலம். இவ்வளவு கூர்மையான நிழலோடு படம் எடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே மழை முடிந்த பிறகு, அல்லது வெயில் காலத்தில் எடுத்த படம் என்று வைத்துக்கொண்டேன். ஆட்களின் நிழல் அவர்கள் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். அப்படியானால் சூரியன் அடிவானத்திலிருந்து அதிகம் ஏறவில்லை. காலை எட்டு மணியாக இருக்கலாம், மாலை நாலு மணியாகவும் இருக்கலாம். நிழல் தண்டவாளத்துக்குக் குறுக்கே, நேராக இடது பக்கம் விழுகிறது. ஆகவே பாதை கிட்டத்தட்ட வடக்கு தெற்காகப் போகிறது. யே பாதை பெரும்பாலும் அப்படித்தான். தன்பியூசயாட்டில் பிரிந்த பாதையோ தென்கிழக்காகத் திரும்பிவிடும்.

இதுவரை சரி. ஆனால் காலையா மாலையா என்பது தெரியாமல் மேலே நகர முடியவில்லை. காலை என்றால் இடது பக்கம் மேற்கு, படம் எடுத்தவர் வடக்கே பார்த்து நிற்கிறார், குன்று வடக்கே. மாலை என்றால் எல்லாம் அப்படியே திரும்பிவிடும். ஒரே ஒரு கேள்வி, அதற்கு விடை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

கறை இல்லை

அத்தையிடம் படத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் சண்டைக் காலத்தைப் பற்றி அவரிடம் பேசமாட்டோம். 1942 ஜனவரி கடைசியில் ஜப்பான்காரன் மௌல்மீனைப் பிடித்தபோது அவர் கைக்குழந்தை. அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் மௌல்மீனுக்குத் தெற்கே முடோனில், கேங் லைன் வீட்டில். கண் பார்வை மங்கிவிட்டதால் கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தை அவர் கிட்டத்தில் பார்த்தே பல வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள் வேறு எதற்கோ போயிருந்தபோது, போனில் அந்த டிராலியைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்க்கிறாய் என்று கேட்டு வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கடப்பாரைக்குப் பட்டை போட்டிருக்காங்களே" என்றார்.

நான் "கறை அத்தை, பழைய படம்ல்ல" என்றேன்.

"கறை எப்படிடா மூணு கோடா விழும்? விபூதி. நடுவுல பொட்டு பாரு. எல்லா மண்வெட்டிக்கும் இருக்கு பாரு."

இருந்தது. ஒவ்வொரு மண்வெட்டியின் இலையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில். டிராலியின் சக்கரத்தில் இருந்தது. கைப்பிடியில் கட்டியிருந்ததைக் கந்தல் துணி என்று நினைத்திருந்தேன். அது வாழைக்கன்றின் கிழிந்த இலை. அத்தை விரலால் படத்தை நகர்த்திக்கொண்டே போனார். பையன் மடியில் இருப்பது தட்டு. மேட்டின் கழுத்தில் இருப்பது துண்டு இல்லை, மாலை. அப்புறம் அந்த வெள்ளை உருண்டைக்கு வந்தார். என் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. "பூசணிக்காய். குங்குமம் தடவி ஒடச்சிருக்காங்க, அதான் உள்ள கருப்பா தெரியுது" என்றார். ஆயுத பூஜை! எங்கள் தலைமுறையே பார்த்துப் பயந்த மண்டையோடு, திருஷ்டி கழிக்க உடைத்த பூசணிக்காய்.

அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கேங்கில் பொங்கலைவிட அதுதான் பெரிய நாள் என்றார். முந்தின நாள் சாயங்காலமே கடப்பாரை, பீட்டர், பார், ஸ்பானர் எல்லாம் வாய்க்காலில் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவார்களாம். மறுநாள் விடிந்ததும் பாதை ஓரத்து முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, டிராலியைத் தண்டவாளத்தில் ஏற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பொரி கடலை கொடுப்பார்கள். காலை வண்டி கடந்து போனதும் பூஜை, அடுத்த வண்டி வருவதற்குள் டிராலியை இறக்கிவிட வேண்டும். "அன்னிக்கு மட்டும்தான் பிள்ளைங்கள டிராலியில ஏத்துவாங்க. மத்த நாள்ல கிட்டப் போனா ஒத விழும்" என்றார். நான் எதுவும் பேசவில்லை. எவ்வளவு நேரமாக அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அதோடு நான் தேடிய விடையும் வந்துவிட்டது. காலை. இடது பக்கம் மேற்கு. ஆயுத பூஜை வரும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதிக்கும் என்பதால், குறுக்கே விழுந்த நிழலும் வடக்கு தெற்கான பாதையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வருடமும் ஓரளவு நெருங்கிவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் துணிக்கு இருந்த பஞ்சம் தெரிந்த விஷயம், கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. இந்தப் படத்தில் மேட்டின் வேட்டியில் மடிப்புக்கூடக் கலையவில்லை. 1925-க்கும் 1941-க்கும் இடையில் ஏதோ ஒரு சரஸ்வதி பூஜைக் காலை.

இரண்டு குன்றுகள்

வடக்கே குன்று, அதற்குத் தெற்கே பாதை. மௌல்மீனிலிருந்து முடோன் போகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சவுக்தலோன் மலை. சாலை ஓரத்தில் தூண் மாதிரி செங்குத்தாக நிற்கும், உச்சியில் பகோடாக்கள். சாலைக்கு அந்தப் பக்கம் அதைவிடச் சின்னதாக இன்னொரு குன்று, அதன் மேல் இருப்பது நம் கோயில். ஏறாத தமிழ்க் குடும்பம் எங்கள் ஊரில் குறைவு. அப்படியிருந்தும் படத்தில் அதை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனது எப்படி என்று மலைப்பாக இருந்தது. அங்கே போய் நின்றதும்தான் புரிந்தது. நாமெல்லாம் சாலையில் போகிறவர்கள். சாலை இரண்டுக்கும் நடுவே போகிறது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் காட்சி பழக்கமே இல்லை.

படத்தில் அப்படித்தான் விழுகிறது. பெரிய குன்றின் தோளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு பாதி மறைந்து எட்டிப் பார்க்கிறது. நான் அதை ஒரே குன்றின் முண்டு என்று நினைத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் முடோன் பக்கமாகப் போய், ரயில்வே கேட்டுகளில் இறங்கி, தண்டவாளத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் நகர்ந்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இன்னும் நகர்ந்தால் சின்னது முழுக்க மறைந்துவிடும். அது பாதி மட்டும் தெரியும் இடம் ஒரு குறுகிய துண்டுதான். வடக்கே போய் நின்று பார்த்தால் இடம் வலம் மாறிவிடுவதால் அந்த ஐயமும் போய்விட்டது. இப்போது உச்சியில் பகோடாக்கள் கூடியிருக்கின்றன, சின்னக் குன்றின் மேல் கோயில் இருக்கிறது, வயலில் பாதி ரப்பராகிவிட்டது. ஆனால் பாறையின் விளிம்பு அப்படியே இருக்கிறது. போனில் படத்தை வைத்துக்கொண்டு நின்றபோது கோட்டுக்குக் கோடு பொருந்தியது. தன்பியூசயாட் அங்கிருந்து தெற்கே எவ்வளவோ தூரம்.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. தன்பியூசயாட்டில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும், பர்மியர்கள் வியர்வைப் படை என்று அழைத்த கூட்டத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே அப்படி ஒரு வரிசை கிடையாது. படங்களும் மிகக் குறைவு. பெரியப்பாவுக்கு அந்தச் சுவரில் இருந்தது ஒரு படம் மட்டும் இல்லை, கல்லறை இல்லாதவர்களுக்கு அவர் வைத்திருந்த ஒரே இடம். அதை நான் பிடுங்குகிறேன் என்று நினைத்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் செத்தவர்கள் இந்தப் படத்தில் இல்லை. இருப்பவர்கள் வேறு ஆட்கள். மழையில் கட்டை அரிக்காமல் பார்த்துக்கொண்டு, வருடத்தில் ஒரு நாள் மண்வெட்டிக்குச் சந்தனம் வைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் 1964-க்குப் பிறகு கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் வேலையைச் சொல்ல இங்கே எந்தப் பலகையும் இல்லை. அவர்களுடைய நல்ல நாளை எடுத்து மற்றவர்களுடைய சாவுக்குச் சாட்சியாக மாட்டிவைப்பது இரண்டு கூட்டத்தாருக்கும் செய்யும் அநியாயம் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

குறிப்பை இப்படி எழுதி அனுப்பினேன்: 'ஆயுத பூஜைக் காலையில் ரயில்வே கேங் தொழிலாளர்கள். மௌல்மீன் யே பாதை, சவுக்தலோன் மலைக்குத் தெற்கே, முடோன் பக்கம். 1925-க்கும் 1941-க்கும் இடையில்.' தங்கை அதைப் படித்துவிட்டு, கண்காட்சியில் இந்தப் படத்தை வைக்க முடியாது என்றாள், ஆனால் அத்தையோடு பேச வேண்டும் என்றாள். இப்போது இருவரும் வாரம் தவறாமல் போனில் பேசுகிறார்கள். கேங் லைனில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவள் எழுதிக்கொண்டு வருகிறாள்.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, தட்டோனில் இருக்கும் ஒரு நண்பர் அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு படத்தை அனுப்பியிருக்கிறார். அவர் வீட்டில் அது சும்மா 'மர்த்தபான் லைன்' என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தார்களாம். அதில் ஜல்லியே இல்லை. கட்டைகள் பட்டைகூட உரிக்காத உருண்டை மரங்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. பின்னால் மரத் தூண்களை நட்டுக் கட்டிய ஒரு பாலம். நிற்கிறவர்கள் இடுப்பில் கட்டியிருப்பது சாக்கு மாதிரி தெரிகிறது. நிழல் தெளிவாக இல்லை. பாலத்துக்குப் பின்னால் இருக்கும் மலைமுகட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.